படிப்பை இழந்த சிறுவன் பள்ளி கண்ட கதை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றும் நாளில் மலை உச்சியில் எழும் சுடர் சுற்று வட்டாரம் முழுவதும் தெரியும். மாளிகையில் இருப்பவனும் பார்ப்பான். குடிசையில் இருப்பவனும் பார்ப்பான். அந்த வட்டாரத்தில் பிறந்த ஆண் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அண்ணாமலை என்று பெயர் வைப்பார்கள்.

ஆனால் ஒரு காலத்தில் தீபம் எல்லோருக்கும் தெரிந்ததே தவிர, கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சேரியில் பிறந்தவர்கள் வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். கோயில் மட்டும் அல்ல. பள்ளிக்கூடத்தின் கதையும் அதுதான்.

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தொலைவில் ஆரணி இருக்கிறது. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கம் என்று ஒரு கிராமம். அப்போது அது வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கிராமத்துச் சேரியில் அண்ணாமலை என்று ஓர் ஏழை இருந்தார். அவர் மனைவி அலமேலு. 1890-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி அவர்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. முனுசாமி என்று பெயர் வைத்தார்கள்.

அந்த முனுசாமிதான் பிற்காலத்தில் சுவாமி சகஜானந்தர் என்று புகழ் பெற்றார். சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் கண்டார். சட்டசபையில் பல ஆண்டுகள் ஏழைகளுக்காகப் பேசினார். ஆனால் அவர் படிப்பு மட்டும் பாதியிலேயே நின்று போயிற்று.

மூடிய கதவுகள்

முனுசாமி பிறந்த காலத்தில் சேரிப் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை? அவர்களுக்கு அறிவு இல்லை என்று சிலர் சொன்னார்கள். ஆசை இல்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டும் பொய். உண்மைக் காரணங்கள் வேறு.

முதல் காரணம் வழி. ஊர்ப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் அக்கிரகாரத்திலோ, கோயில் தெருவிலோ, ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ நடக்கும். அந்தத் தெருவில் சேரி மக்கள் கால் வைக்கக் கூடாது. அப்படியிருக்கப் பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போவான்? பள்ளியில் எல்லோரையும் சேர்க்கலாம் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதியிருந்தாலும், தெருவே தடையாக நின்றது.

இரண்டாவது காரணம் வயிறு. தகப்பன் பண்ணையாள் அல்லது படியாள். மிராசுதாரிடம் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடனுக்காக வேலை செய்வான். கூலி என்பது சில படி நெல். அந்தக் கடன் தகப்பனோடு தீராது. மகன் தலையிலும் ஏறும். ஏழு எட்டு வயதுப் பிள்ளை மாடு மேய்த்தால்தான் வீட்டில் கூடுதலாக ஒரு வேளைக் கஞ்சி. அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்தக் கஞ்சி போய் விடும்.

மூன்றாவது காரணம் அவமானம். எப்படியோ ஒரு பள்ளியில் இடம் கிடைத்தாலும், பிள்ளை தனியாக உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பானையைத் தொடக் கூடாது. யாராவது ஊற்றினால்தான் குடிக்கலாம். தினமும் இப்படி நடந்தால் எந்தக் குழந்தைதான் பள்ளிக்கு ஆசையாகப் போகும்? சில நாள் போவான். பிறகு நின்று விடுவான். நின்றதும், இவனுக்குப் படிப்பு ஏறாது என்று ஊர் சொல்லும்.

நான்காவது காரணம் துணை இல்லாமை. வீட்டில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெய் இல்லை. படித்து முன்னுக்கு வந்தவன் என்று காட்டுவதற்கு அந்தச் சேரியில் ஒருவர்கூட இல்லை.

இந்த நிலையைக் கண்டு சிலர் மனம் இரங்கினார்கள். செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டர் டிரமன்ஹீர் சேரி மக்களின் துயரைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அதன் பிறகு 1892-ல் அவர்களுக்கு நிலம் கொடுக்க உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டில் அவர்கள் கல்விக்கும் சலுகைகள் வந்தன. 1894-ல் கர்னல் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசரும், ரெட்டமலை சீனிவாசனும் பத்திரிகை நடத்தித் தங்கள் மக்களைத் தட்டி எழுப்பினார்கள். கிறிஸ்தவ மிஷன்காரர்களும் பல ஊர்களில் பள்ளிகள் வைத்தார்கள்.

முனுசாமிக்கு எழுத்து கிடைத்தது அப்படிப்பட்ட காலத்தில்தான்.

நின்று போன படிப்பு

முனுசாமி கெட்டிக்காரப் பையன். கிராமத்தில் தொடக்கப் படிப்பை முடித்தான். அடுத்து திண்டிவனத்தில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தான். அங்கேயே தங்கிப் படித்தான்.

அந்த நாளில் மிஷன் பள்ளிகள் இல்லாவிட்டால், வட ஆர்க்காட்டிலும் தென் ஆர்க்காட்டிலும் சேரிப் பிள்ளைகள் பலர் எழுத்தையே கண்டிருக்க மாட்டார்கள். சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். முனுசாமியும் ஆர்வமாகப் படித்தான். பைபிளையும் நன்றாகக் கற்றான்.

ஆனால் ஒரு கட்டத்தில் மதம் மாற வேண்டும் என்ற பேச்சு வந்தது. முனுசாமிக்குச் சிறு வயது முதலே சிவபக்தி. மதம் மாற அவன் சம்மதிக்கவில்லை. அதனால் அந்தப் பள்ளியில் அவனால் தொடர முடியவில்லை.

வேறு பள்ளி உண்டா? இருந்தது. ஆனால் அங்கே இவனைச் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தாலும் தங்க இடம் கிடையாது. சம்பளம் கட்டப் பணம் கிடையாது. ஒரு பக்கம் மதம், மறுபக்கம் சாதி, நடுவில் வறுமை. இந்த மூன்றுக்கும் இடையே சிக்கி அந்தச் சிறுவனின் படிப்பு நின்றது. உயர்நிலைப் படிப்பு முடியவே இல்லை.

அந்த வலியை முனுசாமி கடைசி வரையில் மறக்கவில்லை. இன்னொரு பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதுதான் அவர் பிற்கால வாழ்வின் வேலையாக ஆயிற்று.

தங்கச் சுரங்கம்

1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் வட ஆர்க்காட்டை நிலைகுலைய வைத்தது. அதன் பிறகு பிழைப்புத் தேடி வெளியே போவது அந்த ஜில்லா ஏழைகளுக்கு வழக்கமாயிற்று. சிலர் கப்பல் ஏறினார்கள். பலர் மைசூர் சமஸ்தானத்திலிருந்த கோலார் தங்க வயலுக்கு நடந்தார்கள்.

கோலாரில் 1880 முதல் வெள்ளைக்காரக் கம்பெனி தங்கம் எடுத்து வந்தது. பூமிக்குள் ஆயிரக் கணக்கான அடி ஆழம். அங்கே தாங்க முடியாத சூடு. மேலே பாறை இடிந்து விழும் பயம். கல் தூசி நெஞ்சில் படிந்து இருமல் நோய் வரும். இத்தனை ஆபத்துக்கும் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காட்டுச் சேரித் தமிழர்கள்.

முனுசாமியின் குடும்பமும் அங்கே போயிற்று. ஏடு பிடித்த கை கூலி வேலைக்குப் போயிற்று.

தங்க வயலில் ஓர் அதிசயமும் இருந்தது. கிராமத்தில் இருந்த கட்டுப்பாடு அங்கே அவ்வளவு இல்லை. மாதக் கூலி கையில் காசாகக் கிடைத்தது. மிராசுதார் இல்லை. தொழிலாளர்கள் தாங்களாகவே பஜனை மடங்களும் சங்கங்களும் இரவுப் பள்ளிகளும் ஏற்படுத்திக் கொண்டார்கள். நாள் முழுவதும் இருட்டில் உழைத்து விட்டு, இரவில் கூடித் தேவாரமும் வேதாந்தமும் கேட்டார்கள்.

தாழ்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களே ஒன்று கூடினால் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்து கொள்ள முடியும். முனுசாமி அதை அங்கே கண்ணால் கண்டான். அவனுக்குப் பணம் சேர்க்கும் ஆசை வரவில்லை. ஞானம் தேடும் ஆசைதான் வந்தது. கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானித்துக் கொண்டான். வீட்டை விட்டுப் புறப்பட்டான்.

கை அளவு சோறு

சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் என்று ஒரு துறவி இருந்தார். கரம் என்றால் கை. அந்தக் கையையே பாத்திரமாக ஏந்தி, அதில் விழும் உணவை மட்டும் உண்பவர் என்பது அந்தப் பெயரின் பொருள். வேதாந்த நூல்களில் அவர் பெரும் புலமை பெற்றவர்.

முனுசாமி அவரைத் தேடி வந்தார். சாதியைப் பார்க்காமல் சுவாமிகள் சீடராக ஏற்றுக் கொண்டார். தமிழ்ச் சாத்திரங்களையும் வடமொழி நூல்களையும் கற்றுக் கொடுத்தார். திண்டிவனத்தில் பறி போன படிப்பு, வேறு உருவத்தில் வியாசர்பாடியில் திரும்பக் கிடைத்தது.

குருவே அவருக்குச் சகஜானந்தர் என்று பெயர் சூட்டினார். இயல்பாகவே இன்பத்தில் இருப்பவர் என்பது அதன் கருத்து.

காவி உடுத்தியவர் காட்டுக்குப் போவது உண்டு. மலைக்குப் போவதும் உண்டு. சகஜானந்தர் ஊருக்குள் போனார். 1910-ம் ஆண்டில், 20 வயது இளைஞராகச் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

நாளைப் போவேன் என்றவர்

சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அது நந்தனார் பேர் சொல்லும் ஊர்.

நந்தனார் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. சோழ நாட்டு ஆதனூரில் சேரியில் பிறந்தவர். தில்லை நடராஜரைத் தரிசிக்க வேண்டும் என்று தணியாத ஆவல். ஆனால் தம் பிறப்பை நினைத்துத் தயங்குவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று நாட்களைக் கழிப்பார். அதனாலேயே திருநாளைப் போவார் என்று பெயர் பெற்றார். கடைசியில் தில்லைக்கு வந்து தீயில் மூழ்கி எழுந்து இறைவனை அடைந்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. 63 நாயன்மார்களில் அவரும் ஒருவர். அவர் தீப் புகுந்த இடம் ஓமக்குளம் என்று சிதம்பரத்து மக்கள் சொல்வது வழக்கம்.

நாயன்மார் வரிசையில் நந்தனாரைக் கும்பிட்ட ஊர், நந்தனார் குலத்தில் பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவில்லை. இது சகஜானந்தர் மனத்தை வாட்டியது.

சிதம்பரத்தைச் சுற்றிலும் நல்ல நெல் வயல்கள். அந்த வயலில் நடவும் அறுப்பும் செய்தவர்கள் சேரி மக்கள். அவர்கள் பிள்ளைகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு. நந்தனார் நாளைப் போவேன் என்றது போல, அந்தத் தாய் தகப்பன்மாரும் பிள்ளையைப் பள்ளிக்கு நாளை அனுப்பலாம் என்றே இருந்தார்கள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், கடன் தீரட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த நாளை வரவே இல்லை.

25 பிள்ளைகள்

1916-ம் ஆண்டில் சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஓமக்குளம் பகுதியில் பள்ளி எழுந்தது. முதலில் வந்து சேர்ந்த பிள்ளைகள் 25 பேர்.

அப்போது அவரிடம் பணம் இல்லை. பதவி இல்லை. 26 வயதுத் துறவி. ஆனால் பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொண்டது அல்ல. அனுபவித்துத் தெரிந்து கொண்டது. ஆகவே நோய்க்குத் தகுந்த மருந்தை அவர் கொடுத்தார்.

தெருவில் நடக்க விடவில்லை என்பது ஒரு நோய். அதற்கு மருந்து, பிள்ளைகள் தடையில்லாமல் வந்து போகும் இடத்தில் பள்ளி.

பசி இன்னொரு நோய். அதற்கு மருந்து, பள்ளியோடு சேர்ந்த விடுதி. பிள்ளை அங்கேயே தங்குவான், அங்கேயே சாப்பிடுவான். வீட்டில் ஒரு வாய் குறைந்தது என்பதால் பெற்றோருக்கும் சுமை இறங்கும். மாடு மேய்க்க வா என்று நடு வகுப்பில் வந்து அழைக்கவும் முடியாது.

விளக்கு இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்பது மூன்றாவது நோய். விடுதியில் மாலையிலும் படிப்பு உண்டு. ஒன்றாக உட்கார்ந்து படிக்கத் தோழர்கள் உண்டு.

அவமானம் நான்காவது நோய். அதுதான் கொடிய நோய். அதற்கு மருந்து, நந்தனார் என்ற பெயர். எந்தப் பிறப்பைச் சொல்லி ஊர் இழித்ததோ, அந்தப் பிறப்பில் வந்த ஒரு நாயனாரின் பெயர் பள்ளி வாசலில் நின்றது. அதைப் பார்த்துக் கொண்டே உள்ளே நுழையும் பிள்ளை தலை குனிய வேண்டியது இல்லை. பாடம் சொல்ல எதிரே நின்றவரும் தங்களில் ஒருவரே. சேரியில் பிறந்தவர் சைவ சித்தாந்தமும் வடமொழியும் பேசக் கண்டபோது, தானும் ஒரு நாள் அப்படி ஆகலாம் என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்தது.

இத்தனைக்கும் செலவுக்கு என்ன செய்வது? சகஜானந்தர் ஊர் ஊராகப் போனார். நன்கொடை கேட்டார். காவி உடைக்கு மரியாதை இருந்தது. அவர் நாவில் தமிழ் இருந்தது. பெரிய புராணம் சொன்னார். நந்தனார் கதை சொன்னார். கேட்டவர்களில் பல சாதியாரும் இருந்தார்கள். உதவினவர்களிலும் பல சாதியார் இருந்தார்கள். கொடுக்க மறுத்தவர்களும், ஏளனம் செய்தவர்களும் உண்டு. அவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக் கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகிற்று. சிறிய பள்ளி வளர்ந்தது. நந்தனார் மடமும் எழுந்தது.

1920-ல் அதே சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. ஒரே ஊரில் ஒரு பக்கம் செல்வர் ஒருவர் கண்ட கல்லூரி. இன்னொரு பக்கம் துறவி ஒருவர் கண்ட பள்ளி. வயலில் களை பறிக்கப் போயிருக்க வேண்டிய பிள்ளைக்குக் கல்லூரி வாசல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது.

கடலுக்கு அப்பால் ஒருவர்

சகஜானந்தரைப் போலவே உலகத்தின் மறு கோடியில் ஒருவர் இருந்தார். புக்கர் வாஷிங்டன் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் 1856-ல் நீக்ரோ அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். கறுப்பு மக்களை நீக்ரோக்கள் என்று அழைப்பது அந்நாள் வழக்கம். அந்தச் சொல்லை இப்போது அவர்கள் விரும்புவது இல்லை.

அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் வறுமை ஒழியவில்லை. சிறுவனாக இருந்தபோது அவர் உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலை செய்தார். நிலக்கரிச் சுரங்கத்திலும் இறங்கினார். முனுசாமி கோலாருக்குப் போனதற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை!

வாஷிங்டன் பாடுபட்டுப் படித்தார். 1881-ல் டஸ்கீகி என்ற ஊரில் தம் மக்களுக்காகப் பள்ளி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 30 பேர். கட்டடம் இல்லை. மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை வைத்துக் கட்டடம் எழுப்பினார்கள்.

அமெரிக்காவில் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கும் முறை சட்டப்படி செல்லாது என்று 1954-ல்தான் அந்நாட்டு உச்ச நீதி மன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பல ஊர்களில் பிள்ளைகள் கூச்சலுக்கும் கல்லடிக்கும் நடுவே பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. கறுப்பு இளைஞர்கள் பலர் பள்ளியைப் பாதியில் விட்டதற்கும் காரணங்கள் அவைதான்: வறுமை, அவமானம், துணை இல்லாமை. ஊர் வேறு, நிறம் வேறு, மொழி வேறு. ஆனால் பள்ளியை விட்டு வெளியேறும் குழந்தையின் கண்ணீர் எங்கும் ஒன்றே.

சட்டசபையில் காவி உடை

ஒரு பள்ளியால் ஒரு ஜில்லா முழுவதையும் படிக்க வைக்க முடியாது. சர்க்காரின் கையும் சேர வேண்டும். இதைச் சகஜானந்தர் உணர்ந்தார்.

காலமும் மெல்ல மாறிக் கொண்டு வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் நலனைக் கவனிக்கச் சென்னை சர்க்காரில் தொழிலாளர் இலாகா ஒன்று ஏற்பட்டது. 1920 முதல் அது சேரிகளில் பள்ளிகள் வைத்தது, கிணறு வெட்டியது, மாணவர்களுக்கு உதவித் தொகை கொடுத்தது. 1924-ல் ரெட்டமலை சீனிவாசன் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்மானம். பள்ளிக்குப் போகும் வழி அப்படித்தான் சட்டப்படி திறந்தது.

1926-ல் சகஜானந்தரும் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினர் ஆனார். கோட்டும் தலைப்பாகையும் அணிந்தவர்கள் நடுவே காவி உடுத்திய துறவி ஒருவர் அமர்ந்தார். பள்ளி வேண்டும், விடுதி வேண்டும், உதவித் தொகை வேண்டும், குடியிருக்க மனை வேண்டும், உழுகிறவனுக்கு நிலம் வேண்டும் என்று அவர் பேசினார். மனை சொந்தமில்லாதவன் மிராசுதாருக்குப் பயந்துதான் வாழ வேண்டும். பயந்து வாழ்கிறவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டான். ஆகவே மனைக்கும் படிப்புக்கும் உள்ள உறவை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1927-ல் காந்தியடிகள் சிதம்பரம் வந்தார். நந்தனாரின் பெருமையை அந்த ஊரில் எடுத்துப் பேசினார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று வேண்டிக் கொண்டார்.

கோயில் வாசலும் கடைசியில் திறந்தது. 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. திருவண்ணாமலையில் தீபத்தை வெளியே நின்று கும்பிட்ட மக்கள், அண்ணாமலையார் சந்நிதியில் நின்று கும்பிடச் சட்டம் வழி செய்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல் 1952-ல். சிதம்பரம் தொகுதி மக்கள் சகஜானந்தரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 25 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியவர் லட்சக் கணக்கான மக்களின் பிரதிநிதி ஆனார். ஆனால் அவருக்குச் சொந்த வீடு என்று ஒன்று இல்லை. பள்ளியும் மடமும்தான் வீடு. பிள்ளைகள்தான் குடும்பம்.

ஒரு பிடி சோறு

அவர் கடைசிக் காலத்தில் நாடு முழுவதும் மகிழும்படி ஒரு காரியம் நடந்தது. காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. காமராஜரும் சிறு வயதில் வறுமையால் படிப்பை நிறுத்தியவர். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவரும் அனுபவத்தில் அறிந்தவர்.

அதற்கு முன்பே 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் பகல் உணவு கொடுத்துப் பார்த்தது. அப்போது பிட்டி தியாகராயச் செட்டியார் நகரசபைத் தலைவர். சோறு போட்டதும் பிள்ளைகள் வந்தார்கள்.

காமராஜர் காலத்துத் திட்டத்தில் ஒரு சிறப்பு உண்டு. சர்க்கார் பணத்தை மட்டும் நம்பி அது தொடங்கவில்லை. ஊர் மக்கள் அரிசி கொடுத்தார்கள், காய்கறி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வி டைரக்டர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்றார். கரும்பலகை, நாற்காலி, மணி, கடிகாரம், சீருடை என்று ஊரார் தங்கள் பள்ளிக்குத் தாங்களே வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளியைத் தன்னுடையது என்று ஊர் நினைத்தபோது, பள்ளிக்கு வராத பிள்ளையையும் ஊரே தேடிப் போயிற்று.

சகஜானந்தர் 1916-ல் ஒரே ஓர் ஊரில் செய்து காட்டியது இதைத்தான். சோறும் சேர்ந்தால் பள்ளி நிரம்பும். ஊரும் சேர்ந்தால் பள்ளி நிலைக்கும்.

1959-ம் ஆண்டு மே 1-ந் தேதி சுவாமி சகஜானந்தர் காலமானார். அப்போது அவருக்கு வயது 69. அன்று தொழிலாளர் தினம். சுரங்கக் கூலியின் மகனாக வளர்ந்தவர் அந்த நாளில் கண் மூடினார்.

விட்டுச் சென்ற சொத்து

பணம், நகை, நிலம் எதையும் தமக்கென்று அவர் சேர்க்கவில்லை. அவர் விட்டுச் சென்றது பள்ளிதான். சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவர் நினைவாக மணிமண்டபமும் அந்த ஊரில் எழுந்திருக்கிறது.

முனுசாமி இறங்கிய தங்க வயலை 2001-ல் மூடி விட்டார்கள். வெட்டி எடுத்த தங்கம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஏற்றி வைத்த எழுத்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு பிள்ளை படித்தால் அவன் தங்கை படிக்கிறாள். அவர்கள் மக்கள் படிக்கிறார்கள். பிறகு அந்த வீட்டில் படிப்பு நிற்பது இல்லை.

1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் மதிய உணவு சத்துணவாக விரிந்தது. 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. உதவித் தொகை இருக்கிறது, விடுதி இருக்கிறது, இலவசப் புத்தகம் இருக்கிறது. தெருவில் நடக்கத் தடை போடுவது சட்டப்படி குற்றம்.

என்றாலும் பாதியில் நிற்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூர் போகும் குடும்பத்தோடு பிள்ளையும் போய் விடுகிறான். தம்பியைப் பார்த்துக் கொள்ளப் பெண் பிள்ளை வீட்டில் நின்று விடுகிறாள். வகுப்பில் யாரோ சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வருவது இல்லை.

அங்கேதான் ஊரின் வேலை தொடங்குகிறது. மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காவது நாள் ஒருவர் போக வேண்டும். அது ஆசிரியராக இருக்கலாம். அடுத்த வீட்டு அம்மாளாக இருக்கலாம். வேலைக்கு வெளியூர் போகும் தாய் தகப்பன் பிள்ளையை விட்டுச் செல்ல ஒரு பாட்டி வீடோ, ஒரு விடுதியோ வேண்டும். மாலையில் ஒரு திண்ணையில் விளக்கைப் போட்டு, படித்த அண்ணன் ஒருவர் படிக்கும் தம்பிகளுக்கு ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எந்தப் பிள்ளையையும் அவன் பிறப்பைச் சொல்லித் தலை குனிய வைக்காமல் இருக்கலாம். இதற்கெல்லாம் பெரும் பணம் தேவை இல்லை.

ஆரணிக்கு அருகே பிறந்த முனுசாமிக்குத் திண்டிவனத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அதனால் அவர் படிப்பு நின்றது. நின்ற இடத்தில் அவர் உட்கார்ந்து அழவில்லை. தமக்குக் கிடைக்காத அந்த ஒருவராக, ஊரார் பிள்ளைகளுக்குத் தாமே ஆனார்.

நாளைப் போவேன் என்று காத்திருந்த நந்தனாரின் பெயரால், இன்றே பள்ளிக்கு வா என்று பிள்ளைகளை அழைத்தவர் அவர். அந்த அழைப்பு கேட்காத வீடு இன்னும் ஒன்று இருந்தாலும், அவர் தொடங்கிய வேலை முடியவில்லை என்றே பொருள்.